தூங்குமூஞ்சி விட்டுப்போன நிழல்

"வெட்னா வெட்டிக்கினு போறான், நெழலு எங்க போய்டப்போவுது" என்று ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஒரு பெண் கூட வந்தவளிடம் சொல்லிக்கொண்டே தெருவுக்குள் போனாள். அவள் யாரென்று தவமணிக்குத் தெரியவில்லை. கையில் முருங்கைக்கீரைக் கட்டு வைத்திருந்தாள், அறுந்த செருப்பு வாரில் ஊக்கு குத்தியிருந்தாள், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஆனால் முல்லைச்சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்த தவமணியின் கை பாதியில் நின்றுவிட்டது. எதிரில் நின்றவள் "இன்னாக்கா, பூ அளக்கிறியா, ரோட்ட அளக்கிறியா" என்று கேட்கும்வரை அது அசையவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் பொய் இல்லை. தவமணி உட்கார்ந்து பூ விற்றுக்கொண்டிருந்ததே அப்படிப்பட்ட ஒரு நிழலில்தான்.

இலுப்பைத்தோப்பு இரண்டாம் தெருவில் இலுப்பை மரத்தைக் கண்ணால் கண்டவர்கள் யாரும் மிச்சமில்லை. தெருமுனையில் இருந்தது ஒரு தூங்குமூஞ்சி மரம், யாரும் நட்டதாக ஞாபகமில்லாத மரம், சாயங்காலமானால் இலைகளைக் கூப்பிக்கொண்டு தூங்கிப்போகிற மரம். மழைநீர்க் கால்வாய்க்காக அதை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு மரத்தைக் காப்பாற்ற அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வழியைத் தெருப் பெண்கள் செய்தார்கள். அடிமரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் புடவை சுற்றி, பக்கத்தில் ஒரு சூலத்தையும் நட்டு, மரத்தை அம்மனாக்கினார்கள். 'மரங்களை வெட்டாதீர்' என்ற பலகைக்கு மசியாத ரம்பக்காரனும் மஞ்சள் புடவையைக் கண்டால் கொஞ்சம் தயங்குவான். ஆனால் காண்டிராக்டரும் அதே ஊர்க்காரர்தான். பூசாரியை அழைத்து வந்து, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மரத்திடம் மன்னிப்புக் கேட்டு, புடவையை மரியாதையாக அவிழ்த்து மடித்து வெற்றிலை பாக்கோடு பெண்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, பிறகு வெட்டினார். அவ்வளவு மரியாதையாக வெட்டுகிறவரை யாரால் என்ன சொல்ல முடியும்.

மறுநாள் வெயில் ஏறியபோது நிழல் மட்டும் அங்கேயே இருந்தது.

வேரோடு தோண்டி எடுத்துக் குழியைச் சிமெண்டு போட்டு மூடியிருந்தார்கள். அந்தச் சிமெண்டின் மேலும், அதைத் தாண்டித் தார் ரோட்டின் மேலும், பழைய தூங்குமூஞ்சியின் நிழல் கிளை கிளையாக, இலை இலையாக, நடுநடுவே வெயில் பொட்டுகளோடு எப்போதும்போல விழுந்து கிடந்தது. காற்று வந்தால் அசைந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சியில் சுருங்கி, மாலையில் கிழக்கே போய் ரேஷன் கடைச் சுவரில் ஏறியது. பொழுது சாய்ந்தால் இலைகளைக் கூப்பிக்கொண்டு மெலிந்துபோனது. தலையைத் தூக்கிப் பார்த்தால் வெறும் வானம்தான், கண் கூசும். ஆனால் பிடரி குளிர்ந்திருக்கும்.

அன்றைக்குத் தவமணி பழக்கத்தில் வந்து பழைய இடத்தில் கூடையை இறக்கிவிட்டாள். டீக்கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே "மரந்தான் இல்லியே தவமணி, எதுங்கீழ ஒக்காந்துகினு இருக்க" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, பூவின் மேல் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் மூடி, தன் வேலையைக் கவனித்தாள். சாயங்காலம்வரை பூ வாடவில்லை. பூக்காரிக்கு அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

தெருவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கொஞ்ச நாள் பேசினார்கள், பிறகு பேச்சு வேறு பக்கம் போனது. ஆட்டோக்கள் திரும்பி வந்து வரிசையில் நின்றன, டீக்கடை பெஞ்சு இடம் மாறி வந்தது, தையல்கார ரஹ்மத் வீட்டுப் புழுக்கம் தாங்காமல் மிஷினைத் தூக்கிவந்து ஓரமாகப் போட்டுக்கொண்டாள், நாய்கள் தங்கள் பழைய இடங்களைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டன, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வெப்பமானியோடு வந்து அளந்துவிட்டு முகம் வெளுத்துப் போய்த் திரும்பி வராமலே இருந்துவிட்டார்கள், பிடுங்கிப் போட்ட சூலத்தை யாரோ சிமெண்டில் ஓட்டை போட்டுத் திரும்ப நட்டு 'நிழலம்மன்' என்று பெயர் எழுதி வைக்க, வெள்ளிக்கிழமைகளில் கூழ் ஊற்றுவதும் ஆரம்பமானது. காக்கைகளுக்கு மட்டும் அது பிடிபடவில்லை. இருட்டும் நேரத்தில் பழைய கிளைகள் இருந்த உயரத்துக்கு வந்து, இறக்கையைச் சுருக்கி, காலை நீட்டி, காலுக்கு ஒன்றும் அகப்படாமல் பதறி மேலே எழும்பும். திரும்ப வரும், திரும்ப நீட்டும். பிறகு ஒருநாள் அவையும் வராமல் நின்றன.

தெருவுக்கு அதில் வருத்தமில்லை. வண்டி மேல் எச்சம் விழவில்லை. பெருக்க இலையில்லை. சாக்கடை அடைக்கவில்லை, கம்பியில் கிளை உரசிக் கரண்டு போகவில்லை, சட்டைக்குள் கம்பளிப்பூச்சி விழவில்லை. "மரம்னா இதாம்பா மரம், ஒரு பேஜாரு கெடையாது" என்று ஆட்டோ சகாயராஜ் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னான். அவன் சொன்னதுதான் தவமணிக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய புயலில் தூங்குமூஞ்சி தவிரத் தெருவின் மரங்கள் எல்லாம் சாய்ந்த வருஷம், நாற்றுப் பண்ணைக்கும் தெருவுக்குமாக ஆட்டோவை ஓட்டிச் செடிகள் கொண்டுவந்து இறக்கியவன் அவன். அவன் கொண்டுவர, ரஹ்மத் பழைய சாக்குகளைத் தைத்துக் கூண்டு கட்ட, உடைந்த கட்டில் சட்டங்களும் சைக்கிள் டயர்களும் வேலியாக, அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி அலசிய தண்ணீருமாகத் தெருவே சேர்ந்து ஊற்றி வளர்த்ததில், மாடு தின்றதும் பந்து பட்டு முறிந்ததும் போக, ஒரு வேம்பும் ஒரு பூவரசும் ஒரு நாட்டு வாதுமையும் தவமணியின் வாசலில் ஒரு புங்கையும் பிழைத்து மரமாகியிருந்தன. இப்போது அந்த மரங்களைப் பற்றித்தான் அதே வாய்கள் குறை சொல்ல ஆரம்பித்தன. வேம்பு குப்பை போடுகிறது. வாதுமை வேர் தண்ணீர்த் தொட்டியை உடைக்கிறது. பூவரசில் பூச்சி. தெருமுனையில் ஒரு நிழல் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, இந்த மரங்களுக்கு மட்டும் என்ன கேடு.

கால்வாய் வேலை தெருவுக்குள் வரப்போகிறது, உள்ளே இருக்கிற மரங்களும் போகும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போன அன்றுதான் அந்த முருங்கைக்கீரைக்காரி அப்படிச் சொன்னாள்.

தவமணியின் புங்கையடியில் அவளுடைய புருஷன் படுத்திருந்தான். எத்திராஜ் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கிறவன். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அடிபட்ட இடத்துக்குக் கீழே அவனுக்கு இனி வியர்க்காது, சூடு உடம்புக்குள்ளேயே நிற்கும், வெயிலிலும் புழுக்கத்திலும் வைத்தால் ஆளே போய்விடுவான் என்று பெரிய ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை. பகலில் அதற்குள் மெழுகுவர்த்தி தானாகக் குனியும். ஆகவே காலையில் தகடு சுடுவதற்கு முன்னால் அவனைக் கயிற்றுக் கட்டிலோடு புங்கையடிக்கு இழுத்துப் போடுவாள், வெயில் இறங்கிய பிறகு உள்ளே இழுப்பாள். அந்தப் புங்கைதான் அவனுடைய பகல். போன கத்திரி வெயிலில் மரமில்லாத மூன்றாம் தெருவில் ஒரு பெரியவர் அறைக்குள்ளேயே வெந்துபோனதை அவள் மாலை கட்டிக் கொடுத்து அறிந்திருந்தாள்.

கூடையை ரஹ்மத்திடம் விட்டுவிட்டு நேரே சகாயராஜிடம் போனாள்.

"தம்பி, நீ கொண்டாந்து வெச்ச செடிங்கடா அதெல்லாம். நீயே வெட்டச் சொல்றியாமே."

"நான் எங்கக்கா சொன்னேன். கால்வா வர்லன்னா மழக்கி வூட்டுக்குள்ள தண்ணி நிக்குது. போன மழக்கி எம் பொண்ணு ஸ்டூல் மேல தூங்கிச்சு. மரம் போனா போவட்டும், நெழல் நிக்கப்போவுது. நமக்கு ரெண்டும் லாபம்."

"நிக்கலன்னா?"

"நீ அதுல ஒக்காந்துகினே நிக்கலன்னான்னு கேக்குற பாரு" என்று சகாயராஜ் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். தவமணி குனிந்து பார்த்தாள். அவள் கால் விரல்களின் மேல் இலை நிழல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து எத்திராஜிடம் சொன்னாள். அவன் புங்கையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டான். மார்பில் விழுந்திருந்த பூக்களை ஒவ்வொன்றாகச் சுண்டிவிட்டான்.

"வெட்டட்டும் வுடு. கம்பளிப்பூச்சி வுழாது. தொறந்த வாயோட தூங்கலாம்."

"வெளாடாத மாமா. நெழல் நிக்காம போச்சுன்னா?"

"நிக்கலன்னா நானுந்தான் நிக்கமாட்டேன். இப்ப மட்டும் நின்னுகினா இருக்கேன்" என்றான் எத்திராஜ். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுவாத தவம். அம்மங்கிட்ட கேக்கச் சொல்லு. அந்தம்மாதான நெழல வெச்சிகினு இருக்கு" என்றான்.

அவன் சொன்னதையே மறுநாள் தெருவும் சொன்னது. வெட்டலாமா கூடாதா என்று வாய்ச்சண்டை வலுத்து, ரஹ்மத்தும் சகாயராஜும் பேச்சு விட்டுப்போய், கடைசியில் நிழலம்மனிடம் பூ கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்பு. வெள்ளை வந்தால் உத்தரவு, வெட்டலாம். சிவப்பு வந்தால் உத்தரவில்லை, கால்வாயை வளைத்துக் கொண்டுபோகச் சொல்லி எல்லோரும் சேர்ந்து போய் நிற்பது. எடுக்கிற கை சூதுவாது தெரியாத கையாக இருக்க வேண்டும் என்பதால் சகாயராஜின் சின்னப் பெண் ஜெனிட்டாவை எடுக்கச் சொன்னார்கள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, அம்மனுக்கு ஓரவஞ்சனை என்று யாரும் பேச முடியாது. பொட்டலம் கட்டுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. தெருவில் ஒரு பூக்காரிதான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், நிழல் கைகாலை எல்லாம் இழுத்துக்கொண்டு வட்டமாகச் சுருண்டு கிடந்த நேரத்தில், தெரு மொத்தமும் அதற்குள் நெருக்கி நின்றது. தவமணி எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாழையிலைக் கிழிசலில் பூவை வைத்து மடித்து நாரால் கட்டினாள். இரண்டு பொட்டலங்களையும் சூலத்தின் அடியில் வைத்தாள். பூசாரி கற்பூரம் ஏற்றினார். ஜெனிட்டா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தேவையில்லாமல் மூச்சையும் பிடித்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சிவப்பு அரளி.

ரஹ்மத் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சகாயராஜ் பூவைப் பார்த்துவிட்டு, "சர்தான், அந்தம்மா வேணாம்னுது, நமக்கின்னா" என்று கையைக் கூப்பினான். சூப்பர்வைசர் போனில் யாரிடமோ தலையைச் சொறிந்துகொண்டு பேசினார். தவமணி உட்கார்ந்த இடத்திலேயே மிச்ச நாரைச் சுருட்டினாள்.

அப்போது ஜெனிட்டா அவள் தோளைத் தொட்டாள். "அத்த, அந்த வெள்ளப்பூவ நான் வெச்சிக்கட்டா?"

"வேணாங்கண்ணு, அது சாமிது. அத்த உனக்கு வேற முல்ல தரேன்."

"இல்ல, எனக்கு இதான்" என்று குழந்தை இன்னொரு பொட்டலத்தை எடுத்து நாரைப் பல்லால் கடித்து இழுத்தது. இலை விரிந்தது. அது உள்ளே பார்த்தது, அப்பனைப் பார்த்தது, தவமணியைப் பார்த்தது.

"அத்த, இதுலயும் செவப்புதான்."

யாராவது திட்டியிருந்தால் தேவலை. யாரும் திட்டவில்லை. தெரு அவளை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றது. நிழலின் வெயில் பொட்டுகள் எல்லோர் முகத்திலும் அசைந்தன. ரஹ்மத் மட்டும் "ஏண்டி இப்டி பண்ண" என்று மெல்லக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் வேறு பக்கம் பார்த்தாள். பூசாரி தன் கையாலேயே புதிதாகப் பொட்டலம் கட்டினார். குழந்தை பயந்து எடுக்க மறுத்தது, அதன் கையைப் பிடித்து வைத்து எடுக்க வைத்தார்கள். வெள்ளை வந்தது. அதற்குப் பிறகு வெட்ட வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொன்னால் பூக்காரியோடு சேர்ந்து அம்மனை ஏமாற்றப் பார்த்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

வேம்பு போனது, பூவரசு போனது, வாதுமை போனது. புங்கைக்கு வந்தபோது சகாயராஜும் இன்னும் மூன்று பேருமாக எத்திராஜைக் கட்டிலோடு தூக்கி எதிர் வீட்டு வாசலில் வைத்தார்கள். "பாத்து தூக்குங்கடா, நட்டு கிட்டு கழண்டுறப் போவுது" என்றான் எத்திராஜ். ரம்பம் ஓடும் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. தவமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டினவன் நல்லவன், போகும்போது ஒரு கிளையைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனான், அதில் பூ இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து தெரு காத்திருந்தது. மரங்கள் இருந்த இடங்களில் நிழல் எங்கே விழும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அந்தந்த இடத்தில் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவைத்தார்கள், ஸ்கூட்டரை நிறுத்திவைத்தார்கள், புங்கை இருந்த இடத்துக்கு எதிரே எத்திராஜின் கட்டிலையும் கொண்டுவந்து போட்டார்கள். வெயில் ஏறியது. நாற்காலியின் நிழல் நாற்காலிக்கடியில் விழுந்தது, ஸ்கூட்டரின் நிழல் ஸ்கூட்டருக்கடியில் விழுந்தது. வேறொன்றும் விழவில்லை. சிமெண்டு வெள்ளையாக எரிந்தது. "பொய்ப்பூ கட்டுனதுல அம்மா கோவமா இருக்கா, நாளைக்கி வருவா" என்றார்கள். மறுநாள் பெண்கள் கோலமாவு எடுத்துவந்து, வேம்பின் நிழல் இன்னது வரை விழும், பூவரசின் நிழல் இந்தப் படிக்கட்டில் ஏறும் என்று ஒருவருக்கொருவர் திருத்திச் சொல்லிக்கொண்டு, இல்லாத நிழல்களின் ஓரத்தைத் தெரு நெடுக வரைந்தார்கள், அம்மனுக்கு வழி தெரியட்டும் என்று. தவமணியும் புங்கையின் நிழலை வரைந்தாள். கட்டில் அளவுக்கு மட்டும் வரைந்தாள், அதற்கு மேல் கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் காற்று மாவை வாரிக்கொண்டு போனது.

கத்திரி தொடங்கிய நாளில் எத்திராஜுக்கு உடம்பு அனலாகக் கொதித்துக் கண் சொருகியது. ஈரத்துணி போட்டு எடுத்தால் துணி காய்ந்தது. "இங்க வெச்சிருந்தா ஆளு தங்காது, முக்குக்குக் கொண்டாந்துருவோம்" என்று சகாயராஜ்தான் ஓடிவந்து கட்டிலைப் பிடித்தான். தெருமுனை நிழலில் கொண்டுவந்து போட்ட பிறகு கண் திறந்தது. அன்றிலிருந்து அவன் பகல் அங்கேதான். அவன் பகல் மட்டுமில்லை, தெருவின் பகலே அங்கேதான். குழந்தைகள், பிள்ளைத்தாய்ச்சிகள், சமைத்து முடித்த பெண்கள், வேலைக்குப் போகாத ஆண்கள், இரண்டாம் தெருவோடு மூன்றாம் தெருவும், எல்லோரும் அந்த ஒரு நிழலில் முழங்கால் மடக்கி உட்கார்ந்தார்கள், நிழல் நகர நகரப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே நகர்ந்தார்கள்.

பிறகு அது உதிர ஆரம்பித்தது.

முதலில் தவமணி கூடையைச் சுற்றிக் கறுப்பாகச் சின்னச் சின்னதாக எதுவோ கிடப்பதைப் பார்த்துத் துடைப்பத்தால் தள்ளினாள், நகரவில்லை. காற்று வந்தபோது தானாக நகர்ந்தது. இலை நிழல்கள். கிளை நிழலில் ஒட்டியிருந்த இடத்தைவிட்டுக் கழன்று, தரையில் தனித்தனியாகப் பறந்து, ரேஷன் கடைப் படியில் குவிந்து, வெயில் பட்டுக் கரைந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு நாளும் வெயில் பொட்டுகள் பெரிதாகின. மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது மரம் இல்லை, மரம் விட்டுப்போனது. ஆள் செத்த வீட்டில் பானையில் மிச்சமிருக்கிற அரிசிபோல. அள்ளி அள்ளித் தின்றாகிவிட்டது, போட யாரும் இல்லை.

ஒருநாள் ரஹ்மத் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், "இங்க நூல் அறுந்துகினே இருக்குது" என்று காரணம் சொன்னாள். ஆட்டோக்கள் மேம்பாலத்துக்கடியில் போய் நின்றன. பிள்ளைத்தாய்ச்சிகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சை இழுத்துக்கொண்டார். நிழல் சுருங்கச் சுருங்க ஒவ்வொருவராக வெளியேறி, கடைசியில் கட்டில் அளவு நிழலும் அதில் எத்திராஜும் மட்டும் மிஞ்சினார்கள். தவமணி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து, வாடிய பூவை விற்றாள்.

சகாயராஜ் திரும்பவும் செடி கொண்டுவந்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே ஆட்டோ நிறையக் கொண்டுவந்து, கால்வாய் ஓரமெல்லாம் கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்து நட்டான். தெரு குடிதண்ணீரையே ஊற்றியது. ஓலை வைத்தார்கள், சாக்கு கட்டினார்கள், குடை விரித்துவைத்தார்கள். காலையில் நட்டது சாயங்காலத்துக்குள் குச்சியானது. திரும்ப நட்டான், திரும்பக் குச்சியானது. வைக்க இடமில்லாமல் எத்திராஜின் கட்டிலோரம் தெருமுனை நிழலில் வைத்திருந்த ஒரே ஒரு புங்கங்கன்று மட்டும், கவனிப்பார் இல்லாமல், புதுத்துளிர் விட்டிருந்தது.

"கோணி நெழலு அதுக்குப் பத்தல" என்றாள் ரஹ்மத், கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. "உசுரு இருக்கிற நெழல் கேக்குது."

தூங்குமூஞ்சி இருந்த குழியின் சிமெண்டை உடைத்து, அந்தக் கன்றைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். நிழல் இருவருக்கும் பங்காக விழுந்தது. எத்திராஜ் கையைத் தொங்கவிட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றினான், ஈ வந்தால் ஓட்டினான், "இன்னாடா, தூங்குனியா" என்று விசாரித்தான். நாளாக நாளாக நிழல் கட்டிலைவிட்டு ஒதுங்கி, முறம் அளவாகி, அவன் முகத்துக்கும் கன்றுக்கும் மட்டும் போதுமானதாயிற்று. தவமணி அவன் உடம்புக்கு ஈரச்சாக்கு போர்த்தினாள். வீட்டுக்குள்ளே போகலாம் என்று கெஞ்சினாள். "உள்ள போனா மட்டும் இன்னா" என்றான்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம் தாண்டி, சூரியன் மேற்கே இறங்கத் தொடங்கியபோது, மிச்சமிருந்ததும் போய்விட்டது. கற்பூரம் தீர்ந்துபோவதுபோல ஒரு துள்ளல், பிறகு சிமெண்டின் வெள்ளை. தெருமுனையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கன்றின் துளிர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தன.

எத்திராஜ் கழுத்தைத் திருப்பிச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தான்.

"தவம். கட்டில இப்டி மேக்கால இழுத்துப் போடு."

"எதுக்கு மாமா."

"இழுத்துப் போடேன். செடிய ஒட்டி."

அவளுக்குப் புரிந்தது. "அண்ணே, வேணாண்ணே" என்றான் சகாயராஜ். "ஒனக்கு ஆவாதுண்ணே. நான் வந்து நிக்கறேன்."

"பகலு பூரா ஆட்டோவ வுட்டுட்டு நீ நிப்பியா? படுத்துகினு இருக்கறது என் வேல" என்றான் எத்திராஜ். உதடு வெடித்திருந்தது. "போர்த்துனத எடுத்துரு தவம். கோணி அதுக்கு ஆவாதாம்."

தவமணி கன்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு அவன் மேலிருந்த ஈரச்சாக்கை எடுத்துக் கீழே போட்டாள். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து, கால்கள் சிமெண்டில் கிறீச்சிட, மேற்கே இழுத்துக் கன்றை ஒட்டிப் போட்டாள். எத்திராஜின் நிழல் கன்றின் மேல் விழுந்தது. அவள் சுற்றிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போய், தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, அவனுக்கும் சூரியனுக்கும் நடுவில் நின்றாள்.